கலப்பை ஒரு பக்கம் இழுத்தால்: வாடகை டிராக்டர் ஓட்டும் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்



தாராபுரம், உடுமலை, பல்லடம் சுற்றுவட்டாரக் காடுகளில் வாடகைக்கு உழவு ஓட்டுகிறவர்கள் நீங்கள். சிலருக்குச் சொந்த வண்டி. சிலர் முதலாளி வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டுகிறீர்கள். பட்டறைப் பக்கம் பின்னுக்கும் போல்ட்டுக்கும் வந்து போகிறவர்கள் என்பதால் உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும். எம்.பி. கலப்பையை, அதாவது இறக்கைக் கலப்பையைக் கட்டினால் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கிறது என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறீர்கள். இழுப்பது உண்மைதான். அதற்கு நீங்கள் செய்கிற வைத்தியம்தான் எனக்கு ஒப்பவில்லை.

ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கமாக அமுக்கிப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க ஓட்டுகிறீர்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு பக்க பிரேக்கைத் தொட்டுத் தொட்டு ஓட்டுகிறீர்கள். அப்புறம் செக் செயினை இறுக்கிக் கலப்பையை ஆடவிடாமல் கட்டிப்போடுகிறீர்கள். பொழுது சாய்வதற்குள் தோள்பட்டை விட்டுப்போகிறது. முன் டயர் பக்கவாட்டில் அரைபட்டுத் தேய்கிறது, டீசல் கூடுதலாகக் குடிக்கிறது, சாலும் கோணலாகிறது. கோளாறு ஓட்டுவதில் இல்லை தம்பிகளே, கட்டியதில் இருக்கிறது. வண்டியை வரப்பில் நிறுத்திவிட்டு இறங்கிச் சரிசெய்ய வேண்டியதை, சீட்டில் உட்கார்ந்தபடி கைபலத்தால் சமாளிக்கப் பார்க்கிறீர்கள்.

இப்படிப் பழகிப்போனதற்குக் காரணம் ஒன்பது கொத்து. நம் ஊர் உழவில் பெரும்பகுதி அதில்தான் நடக்கிறது. கொத்துக் கலப்பை இரண்டு பக்கமும் ஒரே அச்சு. இந்தக் கொத்து மண்ணை இடப்பக்கம் தள்ளினால் அந்தக் கொத்து வலப்பக்கம் தள்ளும். பக்கவாட்டு விசை ஒன்றோடொன்று கழிந்துவிடும். ரோட்டாவேட்டருக்கும் அப்படிப் பெரிய பக்க இழுப்பு கிடையாது. இரண்டையும் மாட்டிய கையோடு இறக்கிவிட்டு ஓட்டலாம், மன்னித்துவிடும். எம்.பி. கலப்பை மன்னிக்காது. அது மண்ணை ஒரே பக்கம், வலப்பக்கம் மட்டும், புரட்டிப் போடுகிறது. மண்ணை வலப்பக்கம் தள்ளினால் மண் கலப்பையை இடப்பக்கம் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்கத்தான் ஒவ்வொரு கலப்பைக்கும் இடப்பக்கத்தில் நீளமாக ஒரு தகடு வைத்திருக்கிறார்கள். உழாத நிலத்தின் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஓடுவது அதன் வேலை. அந்தப் பக்கத் தகட்டை அதன் வேலையைச் செய்யவிட்டால் கலப்பை நேராக ஓடும். அதைச் செய்யவிடாமல் தடுப்பது எது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தக் கடிதம் முழுக்க.

இத்தனை நாள் இல்லாமல் இப்போது எதற்கு எம்.பி. கலப்பையைப் பற்றி எழுதுகிறான் என்று கேட்பீர்கள். 2018இல் மக்காச்சோளத்துக்குப் படைப்புழு வந்தது. அந்தப் புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகிறது. கோடையில் ஆழமாகப் புரட்டிப் போட்டால் கூட்டுப்புழு மேலே வந்து வெயிலில் காயும், பறவைகளும் பொறுக்கித் தின்னும் என்று வேளாண்மைத் துறைக்காரர்கள் சொன்னபிறகு, மூலையில் துருப்பிடித்துக் கிடந்த இறக்கைக் கலப்பைகள் எல்லாம் வெளியே வந்தன. ஒன்பது கொத்து மண்ணைக் கீறும், புரட்டாது. புரட்ட இதுதான் வேண்டும், அல்லது சட்டிக் கலப்பை வேண்டும். ஆக, தேவை வந்துவிட்டது. கட்டும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

கொஞ்சம் பழங்கதையும் சொல்ல வேண்டும்; இந்தக் கதை தெரிந்தால் மூன்று புள்ளியில் ஏன் மாட்டுகிறோம் என்பது விளங்கும். டிராக்டர் வந்த புதிதில் கலப்பையை வண்டிக்குப் பின்னால் சங்கிலி போட்டு இழுத்தார்கள், மாட்டுக்குப் பின்னால் இழுத்த மாதிரியே. கொழு ஒரு பாறையிலோ வேரிலோ மாட்டினால் கலப்பை நிற்கும், பின்சக்கரம் நிற்காது, வண்டியின் மூக்கு தூக்கிப் பின்பக்கமாகக் கவிழும். போர்டுசன் வண்டிகளில் இப்படி ஓட்டுநர்கள் செத்தார்கள். அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன் இதற்கு வழி தேடினார். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை என்று மூன்று புள்ளியில் கலப்பையை வண்டியோடு ஒரே உடலாகச் சேர்த்து, ஹைட்ராலிக்கால் ஆழத்தையும் தானே பார்த்துக்கொள்ளும்படி செய்து, 1926இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1938இல் ஹென்றி போர்டோடு கைகுலுக்கி ஒப்பந்தம் போட்டார். அடுத்த வருடமே அந்த இணைப்போடு போர்டு வண்டி சந்தைக்கு வந்தது. 1953இல் அவர் கம்பெனி கனடாவின் மாசி ஹாரிஸோடு சேர்ந்து, பிறகு மாசி பெர்குசன் ஆனது. அந்த மாசி பெர்குசனின் கூட்டில்தான் 1960இல் சென்னையில் டாபே டிராக்டர் கம்பெனி தொடங்கியது. நம் ஊர்ச் சிவப்பு வண்டியின் முகத்தில் இருக்கிற பெயரில் பாதி, மூன்று புள்ளி இணைப்பைக் கொடுத்த மனிதருடையது. இன்றைக்கு எந்தக் கம்பெனி வண்டியானாலும் பின்னால் இருப்பது அந்த ஏற்பாடுதான்.

அதில் கவனிக்க வேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. கீழே இருக்கிற இரண்டு லோயர் லிங்க்கும் இணைகோடாக இருக்காது. முன்பக்கம் குறுகி இருக்கும். இரண்டையும் முன்னோக்கி மனசுக்குள் நீட்டிப் பாருங்கள், வண்டியின் முன்பகுதியில் எங்கோ ஒரு புள்ளியில் சேரும். கலப்பை அந்தப் புள்ளியில் கட்டி இழுக்கிற மாதிரிதான் நடந்துகொள்ளும். பக்கவாட்டில் கொஞ்சம் ஆட இடம் கொடுத்தால், தன் பாரத்துக்கு ஏற்ற வழியைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும். மூன்று புள்ளி இணைப்பின் அழகே இதுதான். செக் செயினை இறுக்குகிற தம்பி இந்த அழகைத்தான் நெரிக்கிறார்.

செயினிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நான் பார்க்கிற வண்டிகளில் பெரும்பாலானவற்றில் நோய் அங்கேதான். முந்தின நாள் ரோட்டாவேட்டர் ஓட்டியிருப்பீர்கள். அதற்குச் செயின் இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும். மறுநாள் கலப்பையை மாட்டும்போது யாரும் செயினைத் தளர்த்துவதில்லை. இறுகிய செயினோடு கலப்பை இறங்கினால் அது தன் வழியைத் தேட முடியாது. தேட முடியாதபோது வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துத் தள்ளும். பின்பக்கம் ஒரு பக்கம் போனால் மூக்கு மறுபக்கம் போகும். நீங்கள் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டுவீர்கள். உழும்போது லோயர் லிங்க்கைக் கையால் பிடித்து ஆட்டினால் இருபுறமும் இரண்டு அங்குலமாவது ஆட வேண்டும். ஆனால் டயரில் உரசக் கூடாது. அந்த அளவுக்கு மட்டும் செயின் தடுக்கட்டும். ரோட்டில் போகும்போது இறுக்குங்கள், காட்டில் இறங்கியதும் தளர்த்துங்கள். ஸ்டெபிலைசர் பார் இருக்கிற வண்டியில் பின்னை நீளத் துளைக்கு மாற்றினால் போதும். ஐந்து நிமிட வேலை. இழுக்கிற வண்டிகளில் பல இந்த ஐந்து நிமிடத்திலேயே சரியாகிவிடும். மிச்சக் கடிதம் அப்படியும் சரியாகாதவர்களுக்கு.

சரியாகாவிட்டால் பெரும்பாலோர் உடனே மேல் கையான டாப் லிங்க்கைப் பிடித்துத் திருகுவீர்கள். கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது, திருக எளிது, அதனால் எல்லாப் பழியும் அதன்மேல். அதைத் தொடாதீர்கள் என்று சொல்லவில்லை. அதன் முறை வரும்போது தொடுங்கள். முறை மாறினால் ஒன்றைச் சரிசெய்து இன்னொன்றைக் கெடுப்பீர்கள். என் கணக்கில் முறை இது: முதலில் கலப்பையே கோணலா என்று பார்ப்பது, அடுத்து சக்கர அகலம், பிறகு பக்கவாட்டு மட்டம், அதன் பிறகு டாப் லிங்க், எல்லாம் முடிந்த பின்னே கிராஸ் ஷாஃப்ட்.

கலப்பையைச் சிமெண்டுக் களத்தில் இறக்கி வையுங்கள். கொழு நுனி தரையில் படும், பக்கத் தகட்டின் பின்நுனியும் படும். நடுவில் தகட்டுக்கும் தரைக்கும் இடையே சில மில்லிமீட்டர் சந்து தெரிய வேண்டும். அந்தச் சந்துதான் கொழுவை மண்ணுக்குள் இறக்குகிற பிடிமானம். சந்தில் இரண்டு நாணயத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நுழைத்துப் பாருங்கள். ஒன்றுகூட நுழையவில்லை என்றால் கொழு தேய்ந்துவிட்டது. தேய்ந்த கொழு உள்ளே இறங்காது, நீங்கள் டாப் லிங்க்கைச் சுருக்கிச் சுருக்கி வலுக்கட்டாயமாக இறக்குவீர்கள், அதிலிருந்து வேறு வினைகள் கிளம்பும். இதே மாதிரி பக்கவாட்டிலும் கொழு நுனி தகட்டைவிடக் கொஞ்சம் உழாத நிலத்தின் பக்கம் துருத்தி நிற்க வேண்டும். அது தேய்ந்தால் சாலின் அகலம் குறையும். முன் கொழு புதிது, பின் கொழு பழையது என்று கலந்து மாட்டுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். காசு மிச்சம் மாதிரி தெரியும். இரண்டும் இரண்டு ஆழத்தில் ஓடும்.

அப்புறம் ஒரு நூலை எடுங்கள். இரண்டு பக்கத் தகடுகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா? ஒவ்வொரு கொழு நுனியிலிருந்தும் மேலே சட்டத்துக்கு உயரம் ஒன்றுதானா? கல்லில் மோதிய கலப்பையில் ஒரு கால் வளைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது, நூலுக்குத் தெரியும். வளைந்த காலோடு நீங்கள் என்ன சரிசெய்தாலும் நிற்காது. பட்டறையில் சூடுபடுத்தி நிமிர்த்துவதோ மாற்றுவதோ முதல் வேலை.

இப்போது சக்கர அகலம். இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இரண்டு கலப்பை, ஒவ்வொன்றும் 12 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கலப்பையின் பாரம் அதன் அகலத்தின் நடுவில் விழுவதில்லை. பக்கத் தகட்டிலிருந்து கால் பங்கு தள்ளி விழுகிறது. 12 அங்குலத்துக்கு அது 3 அங்குலம். வலது பின் டயர் முந்தின சாலில் ஓடுகிறது, அதன் உள்பக்கம் சால் சுவரை ஒட்டி ஓடுகிறது. அந்தச் சுவரிலிருந்து இடப்பக்கமாக அளந்தால் முன் கலப்பையின் பாரம் 9 அங்குலத்தில், பின் கலப்பையின் பாரம் 21 அங்குலத்தில். இரண்டுக்கும் நடு 15 அங்குலம். வண்டியின் நடுக்கோடும் அதே 15 அங்குலத்தில் இருந்தால் இழுப்பும் பாரமும் ஒரே கோட்டில் அமையும். அதாவது இரண்டு பின் டயர்களுக்கும் நடுவே உள்பக்க இடைவெளி 30 அங்குலம்.

நம் வண்டிகளை அவ்வளவு நெருக்கி வைக்க முடியாது. 36 அங்குலம் வைத்தால் வண்டியின் நடு 18 அங்குலத்தில் இருக்கும், பாரம் அதைவிட 3 அங்குலம் வலப்பக்கம். வண்டியின் மூக்கு லேசாக உழுத பக்கம் சாயப் பார்க்கும். 3 அங்குலத்தைப் பக்கத் தகடு தாங்கிக்கொள்ளும். ஆனால் டிரெய்லர் ஓட்டும்போது ஆட்டம் குறையட்டும் என்றோ, வரிசைக்கு நடுவே களை ஓட்டுவதற்கென்றோ சக்கரத்தை விரித்து 44 அங்குலம் வைத்திருப்பீர்கள். அதே சக்கரத்தோடு கலப்பை கட்டினால் பாரம் 7 அங்குலம் தள்ளி விழும். அதை எந்தத் தகடும் தாங்காது. நாள் முழுக்க வலப்பக்கம் இழுக்கிறது என்று என்னிடம் வருகிற வண்டிகளில் செயின் தளர்வாக இருந்தால், அடுத்து நான் கையில் எடுப்பது டேப்பைத்தான்.

14 அங்குலக் கலப்பை இரண்டு என்றால் இதே கணக்கில் உள்பக்க இடைவெளி 35 அங்குலம் வருகிறது. 12 அங்குலத்தில் மூன்று கலப்பை என்றால் 42. ஆக, சக்கரம் விரிந்த பெரிய வண்டிக்குச் சின்ன இரட்டைக் கலப்பை பொருந்தாது. சக்கரம் குறுகிய சின்ன வண்டிக்கு மூன்று கலப்பை பொருந்தாது. கலப்பையை வாங்கும்போது குதிரைத்திறனை மட்டும் கேட்கிறோம், இதை யாரும் கேட்பதில்லை. கடைக்காரரும் சொல்வதில்லை.

சக்கரத்தை மாற்ற ரிம்மையோ டிஸ்கையோ திருப்பிப் போட வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினால் எத்தனை அங்குலம் என்பது வண்டியின் கையேட்டில் படத்தோடு இருக்கும். தண்ணீர் நிரப்பிய டயர் என்றால் தனியாளாக இறங்காதீர்கள். கெட்டித் தரை, நல்ல ஜாக்கி, பக்கத்தில் இன்னொரு ஆள். முன் அச்சையும் அதற்கேற்ப நீட்டவோ குறுக்கவோ செய்து, முன் வலது சக்கரமும் பின் வலது சக்கரமும் ஒரே சாலில் ஓடும்படி வையுங்கள். இரண்டு பின் டயரிலும் காற்று சமமாக இருக்கட்டும். ஒரு டயர் புதிது, ஒரு டயர் பட்டன் தேய்ந்தது என்றால் தேய்ந்தது வழுக்கி வழுக்கி அந்தப் பக்கம் பின்தங்கும். அந்த இழுப்புக்குக் கலப்பையைக் குறை சொல்லிப் பயனில்லை.

பக்கவாட்டு மட்டத்துக்கு ஒரு சுலபமான வழி உண்டு. காட்டில் வலது சக்கரம் சாலில் இறங்கி ஓடும், இடது சக்கரம் மேட்டில் ஓடும், வண்டியே வலப்பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்விலும் கலப்பை நிமிர்ந்து நிற்க வேண்டும். எட்டு அங்குல ஆழம் உழப்போகிறீர்கள் என்றால் களத்திலேயே இடப்பக்க முன், பின் சக்கரங்களுக்கு அடியில் ஏழு அங்குலக் கட்டை வைத்து வண்டியை ஏற்றி நிறுத்துங்கள். டயர் கொஞ்சம் மண்ணில் அமுங்கும் என்பதால் ஓர் அங்குலம் குறைவு. இப்போது கலப்பையை இறக்கி, கொத்தனார் வைத்திருக்கிற தூக்குக்குண்டை ஒரு காலின் அருகில் பிடியுங்கள். கால் குண்டுநூலோடு ஒத்து நிற்கிறவரை வலப்பக்க லிஃப்ட் ராடின் கைப்பிடியைச் சுற்றுங்கள். வலப்பக்கம் தாழ்ந்திருந்தால் முன் கலப்பை அதிக ஆழத்தில் ஓடும், பின் கலப்பை மேலே மிதக்கும். வலப்பக்கம் தூக்கியிருந்தால் அதற்கு நேர்மாறு. முதல் சாலுக்கு மட்டும் இரண்டு சக்கரமும் மேட்டில் ஓடும் என்பதால் அப்போது ராடு சமமாக இருக்கட்டும். ஒரு சால் விழுந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள். எத்தனை சுற்று என்று எண்ணி வைத்துக்கொண்டால் அடுத்த காட்டில் குண்டுநூல் தேவைப்படாது.

புரட்டிப் போடுகிற ரிவர்சிபிள் கலப்பை வைத்திருப்பவர்கள் இதைச் செய்யக் கூடாது. அதில் இரண்டு லிஃப்ட் ராடும் எப்போதும் சமமாக இருக்க வேண்டும். மட்டம் பார்ப்பதற்கு இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக ஸ்டாப் போல்ட் கொடுத்திருப்பார்கள். போகும்போது நேராகவும் வரும்போது கோணலாகவும் ஓடுகிறது என்றால் ஒரு பக்க போல்ட் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

டாப் லிங்க்கைச் சுருக்கினால் கலப்பையின் மூக்கு கீழே குத்தும், வால் தூக்கும். நீட்டினால் வால் உட்காரும், மூக்கு தூக்கும். மூக்கு குத்தினால் முன் கலப்பை ஆழமாகப் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். வால் தூக்கினால் பின் கலப்பையின் பக்கத் தகடு சுவரிலும் தரையிலும் பிடி இழந்து, கலப்பை வாலாட்ட ஆரம்பிக்கும் என்பது பலருக்குத் தெரியாது. ஆட்டத்தைப் பார்த்ததும் செயினை இறுக்கத் தோன்றும். இறுக்கினால் மறுபடி முதலிலிருந்து. இரண்டு வண்டி நீளம் உழுதுவிட்டு இறங்கிப் பின்னால் போய், கடைசிச் சாலின் அடியில் பின் தகட்டின் குதிகால் பதிந்த தடத்தைப் பாருங்கள். மெல்லிய கோடாக, மண் பளபளப்பாகத் தெரிந்தால் சரி. தடமே இல்லை என்றால் லிங்க்கை அரைச் சுற்று நீட்டுங்கள். பள்ளம் பறித்த மாதிரி ஆழமாக இருந்தால் சுருக்குங்கள். ஆழத்தைக் கூட்டிக் குறைக்க டாப் லிங்க்கைப் பயன்படுத்தாதீர்கள், அதற்கு டிராஃப்ட் லீவர் இருக்கிறது. கொத்து ஓட்டிய பழக்கத்தில் பொசிஷன் லீவரிலேயே கலப்பையையும் ஓட்டுகிறீர்கள். இளகின மண்ணுக்கும் இறுகின மண்ணுக்கும் ஏற்ப ஹைட்ராலிக் தானே ஏறி இறங்கித் தருகிற வசதியைப் பூட்டி வைத்துக்கொண்டு, வண்டி திணறுகிறது என்று சொல்வதில் நியாயமில்லை.

கடைசியாகக் கிராஸ் ஷாஃப்ட். கலப்பையின் முன்பக்கம் குறுக்காக ஓடுகிற தண்டு. இரண்டு முனையிலும் லோயர் லிங்க் மாட்டுகிற பின். சில கலப்பைகளில் இந்தத் தண்டின் முனைகள் முன்னும் பின்னுமாகக் கோணல் வைத்துச் செய்யப்பட்டிருக்கும். அது பழுதில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். யு-போல்ட்டைத் தளர்த்தி அதைக் கொஞ்சம் திருப்பினால் கலப்பையின் மூக்கு ஒரு பக்கம் திரும்பும். மூக்கு உழாத நிலத்தின் பக்கம் திரும்பினால் கலப்பை அந்தப் பக்கம் நகர்ந்து முன் சால், அதாவது முன் கலப்பை வெட்டுகிற சால், அகலமாகும். உழுத பக்கம் திரும்பினால் முன் சால் குறுகும். எந்தப் பக்கம் திருகினால் எது நடக்கும் என்பதை மேட்டில் நிறுத்திக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கம்பெனிக் கலப்பையிலும் ஒவ்வொரு மாதிரி. முன் சாலின் அகலம் பின் சாலின் அகலத்துக்குச் சமமாக வர வேண்டும், அதுவே குறி. இந்தத் தண்டு நுணுக்கத் திருத்தத்துக்கு மட்டும்தான். சக்கர அகலத்தில் இருக்கிற ஏழு அங்குலக் கோளாறை இதில் சரிக்கட்டப் பார்த்தால் கலப்பை நண்டு மாதிரி குறுக்கே நடக்கும், தகடுகள் ஒரு சீசனில் தேயும்.

எல்லாம் செய்தபின் வண்டி நேராக ஓடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சால் நடுவில் ஓடும்போது ஸ்டியரிங்கிலிருந்து பிடியை லேசாக்கிப் பாருங்கள், முழுக்க விட்டுவிட வேண்டாம். மூக்கு உழுத பக்கம் போனால் பாரம் வலப்பக்கம் விழுகிறது: சக்கரம் விரிந்திருக்கிறது, அல்லது முன் சால் குறுகியிருக்கிறது. முன் சக்கரம் சாலை விட்டு உழாத நிலத்தின் மேல் ஏறப் பார்த்தால் பாரம் இடப்பக்கம்: முன் சால் அளவுக்கு மேல் அகலம், அல்லது வண்டிக்குக் கலப்பை பெரிது. உழுத காட்டை வரப்பில் நின்று பாருங்கள். ஒரு வரி உயரம், ஒரு வரி தாழ்வு என்று மாறி மாறித் தெரிந்தால் முன் கலப்பையும் பின் கலப்பையும் ஒத்துப் போகவில்லை. மட்டத்தையும் முன் சாலையும் மறுபடி பாருங்கள். கோரையும் அருகும் வரிசையாக நட்டுக்க நின்றால் நடுவில் உழாத பட்டை விட்டிருக்கிறீர்கள்.

முதல் சாலைப் பற்றி ஒரு சொல். கட்டியது எவ்வளவு சரியாக இருந்தாலும் முதல் சால் கோணலானால் அதன் கோணலை அடுத்த சால்கள் எல்லாம் சுமக்கும், ஏனென்றால் வலது சக்கரத்துக்கு அதுதான் தண்டவாளம். காட்டின் மறுகோடியில் ஒரு பனையையோ குச்சியையோ குறி வைத்துக்கொண்டு அதையே பார்த்து ஓட்டுங்கள். பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறவரின் சால் பாம்பாகும். 1953இல் கனடாவின் கோபர்க் என்ற ஊரில் தொடங்கிய உலக உழவுப் போட்டி இன்றைக்கும் நடக்கிறது. அங்கே முதல் சாலுக்கென்றே தனி மதிப்பெண் உண்டு. அங்கே வருகிறவர்கள் ஸ்பானரும் டேப்புமாக இறங்கி இறங்கித்தான் உழுகிறார்கள். இறங்குவதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்களை நம் ஊரில்தான் பார்க்கிறேன்.

அவசரத்தின் காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. மணிக்கணக்கு வாடகை. இறங்கி டேப்பைப் பிடித்தால் காட்டுக்காரர் வரப்பிலிருந்து கடிகாரத்தைப் பார்க்கிறார். அதனால் இந்தக் கடிதத்தைக் காட்டுக்காரர்களும் படிக்கட்டும்: ஐயா, கலப்பை கட்டுகிற முதல் அரை மணி நேரத்துக்கு வாடகை கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். சரியாகக் கட்டிய கலப்பை அந்த அரை மணியை அன்றைக்கே திருப்பித் தந்துவிடும்; கோணலாகக் கட்டியதற்கு நீங்கள் மறு உழவுக்கும் சேர்த்துக் கொடுப்பீர்கள். முதலாளிமார்களே, ஒரு டேப், ஒரு தூக்குக்குண்டு, இரண்டு சுருள் நூல், சரியான அளவு ஸ்பானர் இவற்றை வண்டிப் பெட்டியில் போட்டுக் கொடுங்கள். ஓட்டுகிற பையனிடம் ஒரு திருப்புளியும் சுத்தியலும் மட்டும் கொடுத்துவிட்டு நேர்ச்சால் கேட்பது நியாயமில்லை.

தம்பிகளே, கோடை மழை ஒன்று விழுந்தால் எல்லோரும் ஒரே நாளில் கூப்பிடுவார்கள், அப்போது எதையும் அளக்க நேரம் இருக்காது. அதற்கு முன்னால், வண்டி சும்மா நிற்கிற நாளில் களத்தில் கட்டைமேல் ஏற்றி எல்லாவற்றையும் பார்த்து முடியுங்கள். உழவு முடிந்து கலப்பையைக் கழற்றும்போது கொழுவிலும் இறக்கையிலும் பக்கத் தகட்டிலும் மண்ணைச் சுரண்டிவிட்டுப் பழைய ஆயிலோ கிரீஸோ பூசி வையுங்கள். துருப்பிடித்த இறக்கையில் மண் ஒட்டிக்கொண்டு புரளாது. அந்த இழுப்புக்கு என் கடிதத்தில் மருந்து இல்லை.

இப்படிக்கு,
உங்கள் பட்டறைக்கார அண்ணன்